பழைய மதுக்கூடத்தை மாற்றிக் கட்டுதல்: பூதிகோட்டைக்கு அருகே, தங்கவயலில்

பழைய மதுக்கூடம் ஒன்றை இன்றைய தேவைக்கேற்ப மாற்றிக் கட்டும்போது அதன் மரபுத்தன்மை எந்தப் பகுதியில் தங்கியிருக்கிறது, எதைத் தொட்டால் அது போய்விடும் என்னும் கேள்வி, கோயில்களையும் கோட்டைகளையும் சுற்றியே நடக்கும் நம் பாதுகாப்பு விவாதங்களில் பெரும்பாலும் எழுவதில்லை. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டையைச் சுற்றியுள்ள நிலப்பரப்பில், அருகருகே அமைந்த இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டால் இந்தக் குறை தெளிவாகத் தெரியும். பூதிகோட்டை, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹைதர் அலி பிறந்த ஊர் என்பதால், அங்குள்ள கோட்டையின் மிச்சங்களை வரலாற்றுச் சின்னம் என்று ஒப்புக்கொள்ள எவரும் தயங்குவதில்லை. அதே வட்டாரத்தின் கோலார் தங்கவயலில் 1885ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிளப்பும், அதன் மதுக்கூடமும், பில்லியர்ட்ஸ் அறையும், கோல்ஃப் திடலும் அந்த மதிப்பை அவ்வளவு எளிதில் பெறுவதில்லை. வெள்ளைக்காரர் குடித்துக் களித்த இடம் என்பதும், குடி பற்றி நம் சமூகத்தில் ஊறியிருக்கும் ஒழுக்கக் கருத்தும் சேர்ந்து, இத்தகைய கட்டடத்தை வரலாறு என்று சொல்லக் கூச்சத்தை உண்டாக்கிவிடுகின்றன. அந்தக் கூச்சத்தின் விளைவாக, இத்தகைய இடங்களில் நடக்கும் மாற்றங்களை எவரும் கேள்வி கேட்பதும் இல்லை, பதிவு செய்வதும் இல்லை.

தங்கவயலில் கிளப் வகித்த இடம் என்னவென்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 1880ஆம் ஆண்டில் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கு சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களைச் சுற்றி ஒரு நகரம் எழுந்தது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த சுரங்க வல்லுநர்களும், பிரிட்டிஷ் அதிகாரிகளும் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களில் குடியிருந்தனர். வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த, பெரும்பாலும் தலித் மக்களான தமிழ்த் தொழிலாளர்கள் மூங்கில் தட்டிகளால் அடைத்த வரிசை வீடுகளில், அதாவது லயன்களில், நெருக்கியடித்து வாழ்ந்தனர். இவ்விரு உலகங்களுக்கும் நடுவே ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தனர். குட்டி இங்கிலாந்து என்று இந்நகரைப் பெருமையாகச் சொல்லும் வழக்கம் இன்றும் இருக்கிறது என்றாலும், அந்தப் பெயர் பங்களா வாசிகளின் நகரத்துக்கு மட்டுமே பொருந்தியது. கிளப் அந்த உலகத்தின் மையம். கள்ளுக்கடையும் சாராயக்கடையும் லயன்களின் உலகத்தைச் சேர்ந்தவை. 1956ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மைசூர் மாநில அரசின் கைக்கு வந்து, 1972ஆம் ஆண்டில் பாரத் கோல்டு மைன்ஸ் என்னும் மத்திய அரசு நிறுவனமாகி, 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை இறங்கிய சுரங்கம் இன்று நீர் நிறைந்து கிடக்க, அதை நடத்தியவர்கள் மாலையில் உட்கார்ந்து பேசிய அறைகள் மட்டும் மண்ணுக்கு மேலே நிற்கின்றன.

மரபுத்தன்மை என்ற சொல்லுக்குக் கட்டடப் பாதுகாப்புத் துறை வரையறுத்த பொருள் ஒன்று உண்டு. கட்டடத்தின் வயதோ அழகோ மட்டும் அதற்குப் போதாது. அது எப்படிப் பயன்பட்டது, யார் யாருக்கு என்ன பொருளைத் தந்தது, அந்தப் பயன்பாட்டின் தடங்கள் அதன் பொருட்களில் எப்படிப் பதிந்திருக்கின்றன என்பவை எல்லாம் சேர்ந்ததே அதன் பண்பாட்டு மதிப்பு என்று அத்துறை கருதுகிறது. இக்கருத்தை முறையாக எழுதி வைத்த ஆவணங்களில் முதன்மையானது 1979ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஏற்கப்பட்ட பர்ரா சாசனம். தெற்கு ஆஸ்திரேலியாவின் பர்ரா, 1845ஆம் ஆண்டு முதல் செம்பு வெட்டியெடுக்கப்பட்ட, கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் குடியேறிய ஊர். சுரங்கம் வற்றிப்போன ஓர் ஊரில் கூடி ஏற்கப்பட்ட நெறிகள் என்பதால், பழைய தேவாலயத்தைக் காப்பது போலவே தொழிலாளி குடியிருப்பையும் இயந்திரக் கூடத்தையும் காக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இயல்பாகவே அமைந்தது. தேவையான அளவுக்கு மாற்றலாம், ஆனால் இயன்ற அளவுக்குக் குறைவாக மாற்ற வேண்டும் என்பதே அதன் சாரம். கார்ன்வாலிலிருந்து புறப்பட்ட அதே தொழில்திறனின் இன்னொரு கிளை தங்கவயலில் வேரூன்றியது என்பதை நினைத்தால், இந்த நகரத்துக்கு அந்தச் சாசனம் அயலானது அன்று. பர்ராவின் சுரங்க நிலப்பகுதி 2017ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கார்ன்வாலின் சுரங்க நிலப்பகுதி 2006ஆம் ஆண்டிலேயே உலக மரபுச் சின்னமாகிவிட்டது. அதே குடும்பத்தைச் சேர்ந்த தங்கவயல் அந்த வரிசையில் வைத்துப் பேசப்படாமல் இருப்பது நியாயமில்லை.

பட்டியலிடுதல் என்பது ஒரு கட்டடத்தைச் சட்டத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவரும் செயல். இங்கிலாந்தில் பட்டியலில் ஏறிய கட்டடத்துக்கு, அதன் சிறப்புக்கேற்ப முதல் தரம், நட்சத்திரம் சேர்ந்த இரண்டாம் தரம், இரண்டாம் தரம் என மூன்று நிலைகளுள் ஒன்று தரப்படுகிறது. ஏறத்தாழ நான்கு லட்சம் பதிவுகள் கொண்ட அந்தப் பட்டியலில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இரண்டாம் தரத்தவை. அங்கே சட்டம் கட்டடத்தின் வெளிமுகத்தோடு நின்றுவிடுவதில்லை. உட்சுவர், படிக்கட்டு, சுவரோடு பிணைத்த மரவேலை, அதே வளாகத்தில் 1948ஆம் ஆண்டு ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் சிறு கட்டடம் ஆகிய அனைத்தும் பாதுகாப்புக்குள் அடங்கும். அனுமதியின்றி அவற்றை மாற்றுவது குற்றம். இந்தியாவில் நிலைமை வேறு. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டமும் நூறாண்டு கடந்த நினைவுச்சின்னங்களை அறிவிக்க வழி செய்கின்றன; அப்படி அறிவிக்கப்பட்டுவிட்டால், 2010ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு, மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானமே கூடாது. கல்வெட்டுக்கும் கோட்டைக்கும் பொருந்தும் இந்தக் கடுமை, மாலைதோறும் ஆட்கள் வந்துபோகும், சமையல் நடக்கும், கணக்கு எழுதப்படும் ஒரு கட்டடத்துக்குப் பொருந்தாது. மும்பை 1995ஆம் ஆண்டில் கொண்டுவந்த மரபுரிமை விதிகள் தரம் பிரித்து, எந்தத் தரத்தில் எவ்வளவு மாற்றலாம் என்று வகுத்ததால், பயன்பாட்டிலுள்ள கட்டடங்களுக்கு ஏற்ற நடுவழி கிடைத்தது. அத்தகைய நடுவழி தங்கவயல் போன்ற ஊர்களை இன்னும் எட்டவில்லை. எட்டிய பெருநகரங்களிலும் நடைமுறையில் தெருவிலிருந்து பார்க்கும் முகப்புக்குத்தான் கவனம் கிடைக்கிறது. மதுக்கூடத்தைப் பொறுத்தவரை இது தலைகீழான அணுகுமுறை. முகப்பை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே எல்லாவற்றையும் இடித்துத் திறந்த கூடமாக்கினால், வீதியில் போகிறவருக்கு ஒன்றும் மாறியதாகத் தோன்றாது. உள்ளே நுழைபவருக்கோ பழைய இடம் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிராது.

உள்ளமைப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு இங்கிலாந்தின் பழைய பப்புகளே நல்ல சான்று. அங்கே விக்டோரியா காலத்து மதுக்கடை ஒரே கூடமாக இருந்ததில்லை. உழைப்பாளிகளுக்கு ஒரு பகுதி, சற்று வசதி படைத்தவர்களுக்கு மெத்தை இருக்கையும் கூடுதல் விலையும் கொண்ட இன்னொரு பகுதி, தனித்துக் குடிக்க விரும்புவோருக்குச் சிறு அறை என்று மரத்தட்டிகளாலும் கண்ணாடித் தடுப்புகளாலும் அது பிரிக்கப்பட்டிருந்தது. சில கடைகளில் பரிமாறும் மேடையின் மேல், முகத்தின் உயரத்தில், திருகித் திறக்கும் மங்கலான சிறு கண்ணாடிப் பலகைகள் வரிசையாக இருந்தன. குடிப்பவர் பரிமாறுபவரின் கண்ணில் படாமலே கோப்பையைப் பெற்றுக்கொள்ள அவை உதவின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடத்தைப் பெரிதாக்கவும் கண்காணிப்பை எளிதாக்கவும் இந்தத் தடுப்புகள் ஆயிரக்கணக்கில் பெயர்த்தெறியப்பட்டன. அதற்கு எதிர்வினையாக, 1971ஆம் ஆண்டில் நல்ல பியருக்காகத் தொடங்கிய காம்ரா என்னும் நுகர்வோர் இயக்கம், தப்பிப் பிழைத்த பப் உட்புறங்களைத் தேடிப் பட்டியலிடும் பணியையும் ஏற்றுக்கொண்டது. லிவர்பூலின் ஃபில்ஹார்மோனிக் டைனிங் ரூம்ஸ் என்னும் மதுக்கூடம் 2020ஆம் ஆண்டில் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டதும் அதன் உட்புற மரவேலைக்கும் சுதை வேலைக்கும் கிடைத்த மதிப்புதான்.

இதில் தங்கவயல் கற்க வேண்டிய ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தத் தடுப்புகள் வர்க்கப் பிரிவினையின் கருவிகள். அவற்றைக் காப்பவர் எவரும் அந்தப் பிரிவினையை மீட்க விரும்புவதில்லை. ஒரு சமூகம் தன் மக்களை எப்படிப் பிரித்து உட்கார வைத்தது என்பதற்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஆதாரம் என்பதாலேயே அவை காக்கப்படுகின்றன. காலனியக் கிளப்புகளிலும் இதே தர்க்கம் பொருந்தும். உறுப்பினர் நுழையும் முகப்பு வாயில், ஏவலர் நுழையும் பின்வாயில், சமையற்கட்டிலிருந்து உணவறைக்கு வரும் மூடிய நடை, பெண்கள் தனியே அமர்ந்த அறை ஆகியவை ஒரு நிறவெறி ஒழுங்கின் வரைபடம். தமிழ்த் தொழிலாளியின் பேரனோ பேத்தியோ இன்று முகப்பு வாயில் வழியே உள்ளே வர வேண்டும் என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவர்களுடைய பாட்டன் எந்த வாயில் வழியே தண்ணீர் சுமந்து வந்தார் என்பதைக் காட்டும் அந்தப் பின்வாயிலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டால், அநீதி நீங்காது, அதன் சான்று மட்டுமே நீங்கும். மாற்றம் என்ற பெயரில் நடக்கும் சீரமைப்புகள் பெரும்பாலும் முதலில் அழிப்பது இந்தப் பின்புறத்தைத்தான். ஏவலர் அறை, பாத்திரம் கழுவும் இடம், விறகு அடுப்புப் புகைக்கூண்டு ஆகியவற்றுக்கு அழகியல் மதிப்பு இல்லை என்று முடிவு செய்து, புதிய கழிப்பறைகளையும் சமையற்கட்டையும் அங்கே எழுப்புகிறார்கள். புதியவை எங்காவது வரத்தான் வேண்டும் என்பதால் இது நியாயமான தேர்வாகவும் தோன்றும். ஏற்கெனவே 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சேர்த்துக் கட்டிய பகுதிகள் எவை என்று முதலில் அடையாளம் கண்டு, புதிய தேவைகளை அங்கே வைப்பதே சரியான வழி.

மாற்றமே கூடாது என்று வாதிடுவதும் பிழை. கிளப் தொடங்கிய 1885ஆம் ஆண்டில் தங்கவயலில் மின்சாரம் இல்லை. எண்ணெய் விளக்கும், கயிற்றை இழுத்து அசைக்கும் பங்காவும்தான் அக்காலத்து வசதிகள். காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலை வந்தடைந்தது 1902ஆம் ஆண்டில்தான். பேத்தமங்கலத்தில் பாலாற்று நீரைத் தேக்கிக் குழாய் வழியே கொண்டுவந்ததும் பிற்பாடுதான். ஆகவே மரபு என்று இன்று நாம் காணும் மின்விசிறியும் குழாய்த் தண்ணீரும் ஒரு காலத்துச் சீரமைப்பின் விளைவுகளே. இன்றைய தேவைகளும் அவற்றைப் போலவே புறக்கணிக்க முடியாதவை: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கோரும் சாய்தளம், தீயணைப்பு ஏற்பாடு, பெண்களுக்குப் போதுமான கழிப்பறை, சுகாதாரமான சமையற்கட்டு. கிளப்புகளில் மது பரிமாறக் கர்நாடகக் கலால் துறை தரும் உரிமமும் இடத்தின் எல்லையை வரையறுத்துத்தான் தரப்படுகிறது என்பதால், அறைகளின் பயன்பாட்டை மாற்றும்போது அதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்கு வந்த தடை, சுருட்டுப் புகை படிந்த பழைய கூடங்களின் காற்றையே மாற்றிவிட்டது. அந்த மாற்றத்துக்காக வருந்துபவர் எவரும் இல்லை.

உண்மையான சிக்கல் பொருட்களில் தொடங்குகிறது. அக்காலத்துச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும் தன்மையுடையது. அதன் மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்பாகப் பூத்து, சில ஆண்டுகளில் பூச்சைத் தகடு தகடாகப் பெயர்த்துத் தள்ளும். சீரமைத்த மறு பருவமழையிலேயே பழைய சுவர் கெட்டுப்போனது என்று குறை சொல்கிறவர்கள், கெடுத்தது பழைய சுவரன்று, புதிய பூச்சுதான் என்பதைக் கவனிப்பதில்லை. சுண்ணாம்பை நீரில் நீண்ட நாள் ஊறவைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைக்கும் பழைய முறை தமிழ்நாட்டில் கோயில் திருப்பணிகள் வழியே இன்னும் உயிரோடு இருப்பதால், கைவினைஞர்களைத் தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. அந்த வேலை மெதுவாகவே நடக்கும். அவசரப்படும் ஒப்பந்தக்காரருக்கு அது பிடிக்காது. கால அட்டவணையைச் சுண்ணாம்புக்கு ஏற்ப அமைக்க வேண்டும்.

தங்கவயலுக்கே உரிய இன்னொரு காரணமும் சுண்ணாம்பை வேண்டுகிறது. மிகுந்த ஆழத்தில், மேலிருக்கும் மலையளவு எடையின் அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதைப் பாறை வெடிப்பு என்பர். பல தொழிலாளர்களின் உயிரைக் குடித்த இந்த நிகழ்வு, மேற்பரப்பில் நிலநடுக்கம் போல உணரப்பட்டு வீட்டுச் சுவர்களிலும் விரிசலை உண்டாக்கியது. 1988ஆம் ஆண்டில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தொடங்கப்பட்டதற்கு இந்த நீண்ட அனுபவமும் ஒரு பின்புலம். எனவே இங்கே சுவரில் காணும் ஒவ்வொரு விரிசலும் அடித்தளக் குறையாக இருக்க வேண்டியதில்லை. எப்போதோ நடந்து அடங்கிப்போன அதிர்வின் வடுவாகவும் இருக்கலாம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, தேதி எழுதி, பல மாதம் காத்திருந்து, அது உடைகிறதா என்று பார்ப்பது மிகப் பழைய, செலவில்லாத சோதனை. கண்ணாடி உடையாமல் இருந்தால் விரிசல் ஓய்ந்துவிட்டது என்று பொருள். சுண்ணாம்புக் கூழை உட்செலுத்தி மூடினால் போதும். சிறு அசைவுகளைச் சுண்ணாம்புச் சுவர் பொறுத்துக்கொள்ளும். இரும்புக் கம்பியும் சிமெண்டும் கொண்டு இறுக்கிய இடமோ அசையாமல் நின்று, பக்கத்திலிருக்கும் பழைய சுவரை உடைத்துவிடும்.

கூரையைப் பற்றியும் சற்று விரிவாகவே பேச வேண்டும். 1865ஆம் ஆண்டில் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையும், அதைப் பின்பற்றி எழுந்த பிற ஆலைகளும் தென்னிந்தியாவின் காலனியக் கட்டடங்களுக்குச் சிவப்புக் கூரையைத் தந்தன. கைமரத்தின் மேல் ரீப்பர் அடித்து, ஒன்றையொன்று கவ்வும் ஓடுகளைப் பாவிய இக்கூரையில் ஒழுக்கு ஏற்பட்டால், பெரும்பாலும் காரணம் முகட்டோட்டின் சாந்து உதிர்ந்ததோ, ஒன்றிரண்டு ஓடுகள் நகர்ந்ததோ, வாரியில் சருகு அடைத்ததோ தான். அவற்றைச் சரிசெய்வதற்குப் பதிலாகக் கூரை முழுவதையும் பிரித்துத் தகரத் தகடு போடுவது நாடெங்கும் வழக்கமாகிவிட்டது. தகரத்தின் மேல் விழும் மழையின் ஓசையில் பேச்சே கேட்காது என்பதும், கோடை வெயில் நேராக இறங்கும் என்பதும், அந்த வெக்கையைத் தணிக்கக் குளிரூட்டியும், குளிரூட்டிக்காகப் பொய்க்கூரையும், பொய்க்கூரைக்காக உயரச் சாளரங்களை அடைப்பதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்பதும் தகரம் போடும் நாளில் யாருக்கும் தோன்றுவதில்லை. உயர்ந்த கூடமும், சுவரின் உச்சியில் அமைந்த சிறு சாளரங்களும் சூடான காற்றை மேலேற்றி வெளியே தள்ளும் ஏற்பாடு. அதில் ஒன்றை நீக்கினால் மற்றொன்று பயனற்றுப் போகும். தங்கவயலில் இதற்கு ஒரு கூடுதல் இடைஞ்சல் உண்டு. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மணல் மலைபோல் குவிந்து, சயனைடு மேடு என்று மக்கள் வழங்கும் குன்றுகளாக நிற்கிறது. வறண்ட மாதங்களில் அந்த நுண்தூள் காற்றில் ஏறி ஊரெங்கும் படிகிறது. சாளரங்களை நிரந்தரமாக மூடச் சொல்வோரின் வாதத்தில் அதனால் சிறிது நியாயம் உண்டு. ஆனாலும், திறந்து மூடக்கூடிய மெல்லிய வலைச்சட்டங்களை உட்புறம் பொருத்தி, காற்று வீசும் வேளைகளில் மட்டும் அடைப்பது சாளரத்தையும் காக்கும், மூச்சையும் காக்கும்.

பரிமாறும் மேடைதான் மதுக்கூடத்தின் இதயம். தவறுகள் அதிகம் நடப்பதும் அங்கேதான். பழைய மேடையின் மரப்பலகை கை பட்டுப் பட்டு விளிம்பு மழுங்கி, கோப்பை வைத்த வட்டங்கள் ஆழ்ந்து, நிறம் கறுத்திருக்கும். இந்த மெருகைக் காலம் தவிர வேறு எவராலும் உண்டாக்க முடியாது. இழைத்துப் புதுப் பளபளப்பு ஏற்றும் தச்சர் அரை நாளில் அதை அழித்துவிடுவார். மேடையின் பின்னுள்ள ஆழமில்லாத அலமாரி, புட்டிகளை வரிசையாக நிறுத்தவே அமைந்தது. இன்றைய குளிர்பெட்டிகள் அதைவிட ஆழமானவை, பின்புறம் வெப்பத்தை வெளியேற்ற இடம் கேட்பவை. குளிர்பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து பரிமாறுபவர் எடுத்துவரச் செய்வதால் கூடுதலாகச் சில அடிகள் நடக்க நேரும். அலமாரியை அறுத்துக் குளிர்பெட்டியைச் செருகினால் அந்த நடை மிச்சமாகும், அலமாரி என்றைக்கும் திரும்பாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு மேடை உயரமாக இருக்கிறது என்பதற்காக அதை வெட்டித் தாழ்த்துவதைவிட, அதே கூடத்தில் அவருக்கு ஏற்ற உயரத்தில் மேசை போட்டு அங்கேயே கொண்டுவந்து பரிமாறுவது மரியாதையானது. ஆனால் அந்த மேசை கூடத்தின் நல்ல இடத்தில் இருக்க வேண்டும், மூலையில் அன்று.

மின்கம்பிகளும் இவ்வாறே. சுவரைக் குடைந்து கம்பியைப் புதைப்பது நேர்த்தி என்ற எண்ணம் பிற்காலத்தது. அதற்கு முன் மரச்சட்டத்தின் மேல் கம்பியைப் பற்றிகளால் பொருத்திச் சுவரின் மேலேயே கொண்டுசென்றார்கள். சுவர்மேல் போகும் குழாயில் புதிய கம்பிகளைச் செலுத்தினால், நாளை வேறு தேவை வரும்போது சுவருக்கு ஊறின்றிக் கழற்றிவிடலாம். இப்படிச் செய்ததைப் பிற்காலத்தவர் தடமின்றி நீக்கிவிடக்கூடிய நிலையை மீளத்தக்க தன்மை என்று பாதுகாப்பியலார் கூறுவர். பில்லியர்ட்ஸ் மேசையும் இங்கே நினைவுகூரத் தக்கது: முழு அளவு மேசையின் கற்பலகைத் தளம் உள்ளிட்ட எடை ஒரு டன்னைத் தாண்டும் என்பதால், அது நிற்கும் தரையைத் தோண்டிப் புதுத் தளம் பாவ நினைப்போர், அந்த எடையை முன்னோர் எப்படித் தாங்கச் செய்தார்கள் என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு நடக்க வேண்டிய வேலை பதிவு. லண்டனின் மெய்டா வேல் பகுதியில் 1920களின் தொடக்கத்தில் கட்டிய கார்ல்டன் டேவர்ன் என்னும் பப், பட்டியலில் சேர்ப்பது பற்றிய முடிவு வரவிருந்த வேளையில், 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் உரிமையாளரான கட்டுமான நிறுவனத்தால் அனுமதியின்றி இடித்துத் தள்ளப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் மாநகராட்சி அதை இருந்தது இருந்தபடியே மறுபடி கட்டியெழுப்ப ஆணையிட்டது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்தப் பப் மீண்டும் திறந்தது. அப்படிக் கட்ட முடிந்ததற்குக் காரணம், ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்த ஊர்மக்களின் வேண்டுகோளின் பேரில், இடிப்பதற்கு முன்பே அதன் ஓடுகளுக்கு அச்செடுத்து, விவரங்களை ஆவணப்படுத்தியிருந்ததுதான். ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் எவ்வளவு இருந்தாலும், என்ன இருந்தது என்பதற்குச் சான்று இல்லையென்றால் எதைத் திருப்பிக் கட்டச் சொல்வது?

சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் ஓட்டல் இதற்கு நேர்மாறான பாடத்தைத் தருகிறது. 1887ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த ஓட்டல், நூறாவது ஆண்டான 1987இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 1989 முதல் 1991 வரையும் பின்னர் 2017 முதல் 2019 வரையும் பெரும் சீரமைப்புகளைக் கண்டது. அதன் புகழ்பெற்ற லாங் பார், முதலில் இருந்த இடத்தை விட்டு வளாகத்தின் வேறொரு பகுதிக்கு இடம்பெயர்ந்து, 1920களின் மலாயாத் தோட்டங்களை நினைவூட்டும் அலங்காரத்தோடு இயங்குகிறது. வேர்க்கடலைத் தோலைத் தரையில் போடும் வழக்கம் மட்டும் விடாமல் காக்கப்படுகிறது. பழைய அட்டிகையை உருக்கி அதே எடையில் புதிது செய்தால் பொன் குறையாது, பழைய தட்டானின் கைவேலை மட்டும் போய்விடும். இடம்பெயர்ந்த மதுக்கூடமும் அத்தகையதே. தமிழ் வாசகருக்கு இதில் கூடுதலான ஓர் உறுத்தலும் இருக்கும். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்; அவர்கள் உழைத்த இடம் மதுக்கூடத்தின் அலங்காரப் பொருளாகும்போது, உழைத்தவர் அந்தச் சித்திரத்தில் காணாமல் போகிறார். தங்கவயலிலும் சுரங்க விளக்கையும் தொப்பியையும் சுவரில் மாட்டி, அதை மரபு என்று விற்கும் ஆசை எவருக்கேனும் தோன்றக்கூடும். திரைப்படங்களால் ஊரின் பெயர் பரவி, சயனைடு மேட்டைப் பார்க்க வெளியூரார் வரும் இந்நாட்களில் அந்த ஆசைக்கு வணிகக் காரணமும் இருக்கிறது. அதைச் செய்யாமல் இருப்பதே நன்று. கிளப்பில் சுரங்கத் தொழிலாளியின் விளக்கு ஒருபோதும் தொங்கியதில்லை. தொழிலாளியே உறுப்பினராக உள்ளே அனுமதிக்கப்படவில்லை என்பதுதான் அங்கே சொல்ல வேண்டிய செய்தி.

சென்னையிலும் ஒரு முன்னுதாரணம் உண்டு. 1832ஆம் ஆண்டில் தொடங்கிய மெட்ராஸ் கிளப், மவுண்ட் ரோட்டை ஒட்டிய தன் முதல் வளாகத்தை 1940களில் கைவிட்டது. பின்னர் எக்ஸ்பிரஸ் எஸ்டேட் எனப் பெயர் பெற்ற அங்கே பழைய கட்டடம் போய், வணிக வளாகம் வந்துவிட்டது. 1963ஆம் ஆண்டில் அடையாறு கிளப்போடு இணைந்து மெட்ராஸ் கிளப் குடியேறிய, ஆற்றங்கரையிலுள்ள மோப்ரே என்பவரின் பழைய மாளிகை மட்டும் அதன் குவிமாடத்தோடு இன்றும் நிற்கிறது. முதல் கட்டடம் பயன்பாட்டை இழந்தது, அழிந்தது. இரண்டாவதில் ஆட்கள் வந்துபோகிறார்கள், ஆகவே ஓடு மாற்றப்படுகிறது, கரையான் கவனிக்கப்படுகிறது. மதுக்கூடத்தை மதுக்கூடமாகவே தொடர்ந்து நடத்துவது பாதுகாப்பின் முதல் படி என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

தங்கவயலில் இந்தப் பணியை யார் தொடங்குவது என்பது எளிய கேள்வி அன்று. சுரங்க நிலங்கள் மத்திய அரசின் சுரங்கத் துறையோடு தொடர்புடையவை. மரபுரிமையை அறிவிக்கும் அதிகாரம் மாநிலத்துக்கும் உண்டு. நகராட்சியின் கவனம் குடிநீரிலும் சாலையிலும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். 13 கழிவு மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மறுபடி பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024ஆம் ஆண்டில் இசைவு தந்திருப்பதால், ஊரின் நிலத்தோற்றமே வரும் ஆண்டுகளில் மாறக்கூடும். அறிவிப்பாணை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று இருக்கிறது. பொறியியல் கல்லூரிகளின் கட்டடக்கலை மாணவர்களை அழைத்து, கிளப்பையும் அதன் பின்கட்டையும், அதோடு கூடவே, இன்னும் நிற்கும் சில லயன் வீடுகளையும் அளந்து வரைபடமாக்கலாம். அந்தக் கிளப்பில் பரிமாறியும் சமைத்தும் தோட்டம் பார்த்தும் ஓய்வு பெற்ற முதியவர்கள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பூதிகோட்டை வரையுள்ள சிற்றூர்களிலும் இருக்கும்போதே, எந்தக் கதவு எப்போது அடைக்கப்பட்டது, எந்தச் சுவர் யார் காலத்தில் எழுந்தது என்று அவர்கள் சொல்வதை அந்த வரைபடத்தின் மேலேயே குறித்துக்கொள்ளலாம். சுவரைத் தட்டிப் பார்த்து வயது சொல்லும் வல்லுநர் தெரிவிக்காத விவரங்கள் அவர்களிடம் இருக்கும்; கூரை வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பு அவற்றைக் கேட்டு எழுதி முடித்துவிட வேண்டும்.